கல்முனைக் கரையோர ஊர்களில் ஒளிப்படக் கருவித் தெரிவு

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், அம்பாறை மாவட்டக் கடலோரமாக வடக்கிலிருந்து தெற்கே மருதமுனை, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பெரும்பான்மையோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள்; இடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும் உள்ளன. இரண்டு மூன்று நாள் தங்கிப் படம் எடுக்க வருபவருக்கு இங்கே எந்தக் கமரா, எந்த லென்ஸ் பயன்படும் என்பதே இக்கட்டுரையின் பொருள். உப்புச் சாரலைத் தாங்கும் சிறிய கமரா ஒன்றும், முழுச்சட்ட அளவில் 28 அல்லது 35 மி.மீ.க்கு ஈடான, அகன்ற துவாரமுள்ள லென்ஸ் ஒன்றும் போதும். மற்றவற்றைத் தனிக் காரணம் இருந்தால் மட்டும் கொண்டுவரலாம்.

நகரப் பயணத்துக்கான கருவி ஆலோசனைகள் பெரும்பாலும் கோபுரங்களும் சதுக்கங்களும் அரண்மனைகளும் உள்ள நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. கல்முனைப் பக்கம் அப்படிப்பட்ட கட்டடங்களைத் தேடி யாரும் வருவதில்லை. இங்கே படமாவது மனிதரும் அவர்கள் செய்யும் வேலையும்தான்: கரைவலை இழுப்போர், தறியில் இருப்போர், சந்தையில் மீன் வெட்டுவோர், பள்ளிவாசலை விட்டு வெளியேறும் கூட்டம். ஆகவே கருவியின் முதல் தகுதி, அதைக் கையில் வைத்திருப்பவரை ஊரார் அருகில் நிற்க விடுவதுதான்.

ஒளி

சூரியன் கடலிலிருந்து எழுந்து வயல்வெளியில் விழும் கரை இது. ஆண்டு முழுவதும் சூரிய உதயம் காலை 5.45-க்கும் 6.20-க்கும் இடையிலும், அஸ்தமனம் மாலை 5.40-க்கும் 6.25-க்கும் இடையிலும் அமையும். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழரைப் பாகை அளவிலேயே இருப்பதால் விடியலும் அந்தியும் விரைந்து முடிகின்றன. சூரியன் எழுமுன் படத்துக்கு உதவும் மெல்லொளி இருபது நிமிடத்துக்குச் சற்றே மேல்தான் நிற்கும். சுபஹு எனும் விடியற்காலைத் தொழுகை முடிந்து கடற்கரைக்கு வருவோரும் தோணி தள்ளுவோரும் நடமாடும் நேரமும் அதுவே.

அந்த நேரத்துக்கு லென்ஸின் துவாரம் முக்கியம். உதயத்துக்குக் கால்மணி நேரம் முன், அசையும் மனிதரை 1/125 விநாடியில் நிறுத்த எஃப் 2 துவாரத்தில் ஐஎஸ்ஓ 3200 அளவு தேவைப்படலாம். எஃப் 4 லென்ஸில் அதே படத்துக்கு 12,800 வேண்டும். கமராவோடு விற்கப்படும் மலிவு சூம் லென்ஸ்கள் பெரும்பாலும் இன்னும் குறுகிய துவாரமுள்ளவை. கரைவலைக்காரரின் முகத்தை அவற்றால் இருளிலிருந்து மீட்க முடியாது.

நடுப்பகல் வேறு கதை. ஏப்ரல் இரண்டாம் வாரத் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. 12 மணி கழிந்து சில நிமிடங்களில் நட்ட கம்புக்கு நிழலே இராது. கண்குழிகள் கறுத்து, தொப்பிக்குக் கீழே முகம் மறைந்துவிடும். அந்நேரத்தைக் கூரைக்குள் செலவிடுவதே நல்லது. மருதமுனைக் கைத்தறிக் கூடங்கள் அதற்கு ஏற்றவை. அவ்வூரின் சாரன்களும் சேலைகளும் நாடெங்கும் பெயர் பெற்றவை. சன்னலிலிருந்து ஒரு பக்கமாக விழும் ஒளியில் நூலின் நிறம் தெளிவாகத் தெரியும். இடம் ஒடுக்கமானது, 35 மி.மீ. லென்ஸ் தறியையும் நெய்பவரையும் ஒன்றாகக் காட்டும், 85 மி.மீ. காட்டாது.

லென்ஸ்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக வரும் ஏ4 நெடுஞ்சாலை இவ்வூர்களை ஊடறுத்து மட்டக்களப்புக்குச் செல்கிறது. அந்த வீதிக்கும் கடலுக்கும் நடுவே வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. மதிலோடு மதில் சேர்ந்த ஒழுங்கைகள். இவற்றுக்குள் பின்வாங்க இடமில்லை என்பதால் 28 மி.மீ. உதவும். அதைவிட அகன்ற 16, 20 மி.மீ. லென்ஸ்கள் ஓரத்தில் நிற்பவரின் முகத்தை இழுத்துச் சிதைக்கும். மனிதரே பொருளாக உள்ள இடத்தில் அவை தேவையில்லை.

70–200 போன்ற நீண்ட லென்ஸை ஊருக்குள் தூக்கி வருவதை இக்கட்டுரை ஏற்கவில்லை. பாரம் அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தூரத்திலிருந்து கேளாமல் படம் எடுக்க அது தூண்டுவது. வாசலில் நிற்கும் பெண்கள், குளிக்கும் பிள்ளைகள், தொழுகையில் இருப்போர் எவரும் அப்படி எடுக்கப்பட விரும்புவதில்லை. 35 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர் கிட்டே போய், “காக்கா (அண்ணா), ஒரு படம் எடுக்கட்டா?” என்று கேட்டே ஆகவேண்டும். பெண்களிடமும் “ராத்தா” (அக்கா) என்று அழைத்துக் கேட்கலாம். மறுத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

நீண்ட லென்ஸுக்கும் இம்மாவட்டத்தில் இடமுண்டு. நீர் நின்ற வயல் வட்டைகளில் கொக்கும் நாரையும் இறங்கும். மேற்கே இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தில் படகிலிருந்து யானைகளைக் காணலாம். அங்கே போகத் திட்டமிருந்தால் மட்டும் 300 மி.மீ. அளவுக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கமராவும் பாரமும்

ரயில் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனைக்கு மேலும் ஏறத்தாழ 40 கி.மீ. பஸ்ஸில் வரவேண்டும். ஊருக்குள் ஓட்டோ, மோட்டார் சைக்கிள், நடை. சோனி ஏ7 நான்காம் பதிப்பும் அதன் 24–70 மி.மீ. எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு லென்ஸும் சேர்ந்து 1,353 கிராம். சாரலுக்கு அடைப்புள்ள ஓஎம்-5 கமராவும் 12–45 மி.மீ. எஃப் 4 லென்ஸும் சேர்ந்து 668 கிராம், கிட்டத்தட்ட அதில் பாதி. ஓஎம்-5-இன் உணரி சிறியது. குறைந்த ஒளியில் முழுச்சட்டக் கமராவுக்குப் பின்தங்கும். முழுச்சட்ட அளவில் ஏறத்தாழ 35 மி.மீ.க்கு ஈடான, 120 கிராம் எடையுள்ள 17 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைச் சேர்த்தால் விடியலுக்கு அந்தக் குறை பெருமளவு தீரும்.

ஒரே லென்ஸ் பொருத்திய கமராக்களில் ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100விஐ 521 கிராம், 35 மி.மீ.க்கு ஈடான எஃப் 2 லென்ஸ் கொண்டது. இணைப்பு வளையமும் வடிகட்டியும் மாட்டினால்தான் அது சாரலைத் தாங்கும். மாட்டாமல் கடற்கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. ரிக்கோ ஜீஆர் 3 வெறும் 257 கிராம், சட்டைப்பைக்குள் அடங்கும். ஒழுங்கைகளுக்கு அதைவிடப் பொருத்தமானது அரிது. ஆனால் மணலுக்கும் ஈரத்துக்கும் எதிரான அடைப்பு அதில் இல்லை. கைபேசி மட்டும் உள்ளவர் குறைபட வேண்டியதில்லை. அதன் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24–26 மி.மீ.க்கு ஈடானது, பகல் வீதிக்குப் போதுமானது.

உப்பு, மழை, கச்சான்

வடகீழ்ப் பருவமழை நவம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரை பெய்யும். கடல் கொந்தளித்துச் சாரல் கரையைத் தாண்டி வரும். மே முதல் செப்டம்பர் வரை, மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வறண்டு வரும் மேல்காற்றை ஊரார் கச்சான் என்பர். அது புழுதி கிளப்பும். இரண்டு காலத்திலும் கடற்கரையில் லென்ஸ் மாற்றக் கூடாது. மாலையில் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவையும் லென்ஸின் வெளிப்புறத்தையும் துடைத்து, பிறகு உலர்துணியால் ஒற்ற வேண்டும்; உலர்துணியை மட்டும் கொண்டு தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் நீர் படியும். விடியலுக்குப் போவதானால் அரைமணி நேரம் முன்பே பைக்குள் வைத்தபடி கமராவை வெளியே வைத்துவிட வேண்டும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் பூஞ்சணம் பிடிப்பது குறையும்.

மாரிகாலத்தில் அருகிலுள்ள கிட்டங்கி, மாவடிப்பள்ளி வீதிகளை வெள்ளம் மூடுவதுண்டு. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு அதில் சென்ற மதரசா மாணவர்கள் உயிரிழந்தனர். நீர் பாயும் தாம்போதியில் (தரைப்பாலத்தில்) இறங்கிப் படம் எடுக்க எந்தக் கருவியும் துணை செய்யாது.

பள்ளியும் திருவிழாவும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறும். ஹிஜ்ரி நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். வருமுன் தேதியைக் கேட்டறிய வேண்டும். கூட்டத்துக்குள் கொடி ஊர்வலத்தை 28 மி.மீ.யும், மினாராவில் கொடி ஏறுவதை 85 மி.மீ.யும் பிடிக்கும். பள்ளிக்குள் படம் எடுக்க நம்பிக்கையாளர் சபையின் இசைவு பெற வேண்டும். தொழுவோரின் முன்னால் நிற்கவோ ஃப்ளாஷ் அடிக்கவோ கூடாது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பிலும் ஃப்ளாஷைத் தவிர்த்துத் தணலின் ஒளியிலேயே எடுத்தால் படம் உண்மையாக வரும்.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்து, இக்கரையின் தமிழர், முஸ்லிம்கள் பற்றி 2008-இல் நூலொன்றை வெளியிட்டார். வரும் முன் அதைப் பார்ப்பது, புதிய லென்ஸ் வாங்குவதைவிட அதிகம் உதவும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் 10,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; நாட்டில் மிகக் கூடிய உயிரிழப்பு இங்கேதான். வீட்டோடு குடும்பப் படங்களையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் உள்ளனர். அதனால் பையில் மிஞ்சும் இடத்துக்குச் சிறிய இன்ஸ்டாக்ஸ் அச்சுக்கருவியைப் பரிந்துரைக்கலாம். முகத்தைத் தந்தவர் கையில் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு நகர்வது இங்கே வெறும் மரியாதையைவிட மேலானது.

ட்ரோன்

ட்ரோன் பறக்கவிட இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளின்படி பதிவும் அனுமதியும் வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களையடுத்து ட்ரோன்கள் நாடெங்கும் தடைசெய்யப்பட்டன. அதே மாதம் 26-ஆம் தேதி சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் இவ்வூர் மக்கள் நீண்ட சோதனைகளையும் சந்தேகப் பார்வையையும் தாங்கினர். வீட்டுக் கூரைகளுக்கு மேல் பறக்கும் கருவி இன்னும் அந்த அச்சத்தை எழுப்பும். ஒலுவில் துறைமுகத்தை அடுத்து அரிக்கப்பட்ட கரையை மேலிருந்து பதிவுசெய்வது போன்ற தெளிவான நோக்கமும் எழுத்தில் அனுமதியும் இல்லாவிட்டால் ட்ரோனை வீட்டில் விட்டு வர வேண்டும்.