பெட்டிக்குள் இருந்த பாமினி

ஆலய அலுமாரியைத் துப்புரவாக்கியபோது ஒரு பெட்டி நிறையப் பழைய சிடிக்கள் அகப்பட்டன. பாட்டுத்தாள்கள், நத்தார் நாடகங்கள், இந்தச் சஞ்சிகையின் முதல் இதழ்கள், எல்லாம் எங்கள் பெரியவர்கள் இரவிரவாகத் தட்டியவை. ஆவலோடு திறந்தோம். திரை முழுக்க ஆங்கில எழுத்து, இடையிடையே அரைப்புள்ளி. "வைரஸ் பிடிச்சிட்டுது" என்றான் ஒரு தம்பி. வைரஸ் இல்லை, அது பாமினி.

அக்காலக் கணினிக்கு எழுத்து வைக்க 256 இடங்கள்தான். அதில் பாதி ஏற்கெனவே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. ஆகவே எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்து இருந்த இடத்திலேயே தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். பாமினியில் "அம்மா" என்று எழுத எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டவேண்டும். நாங்கள் பார்த்தது அம்மா. கணினி சேமித்தது அந்த ஐந்து குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் அம்மாவும் இல்லை.

ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு ஒழுங்கு என்பதால், ஒருவர் அனுப்பிய கடிதத்தை மற்றவர் வாசிக்க முடியாமல் தவித்தார்கள். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தமிழ் 99 விசைப்பலகையை ஏற்றது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தட்டச்சுப் பொறியில் பழகிய எங்கள் ஆட்களின் விரல்கள் பாமினியை விடவில்லை!

தமிழுக்கென்றே தனி எண்கள் கொடுத்த யூனிகோட் 1991இலேயே வந்தது. கணினிகள்தான் மெதுவாக வந்தன: விண்டோஸ் 2000இல் தமிழ் கிடைத்தது, ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013இல்தான்.

இத்தோடு சிக்கல் தீர்ந்தது என்று நினைத்திருந்தோம். எங்களில் தாதியராக வேலை செய்பவர்கள் அப்படிச் சொல்லமாட்டோம். சத்திரசிகிச்சைக்கு வந்த ஒரு அம்மாவின் கையில் தமிழ் அறிவுறுத்தல் தாள் இருந்தது. யூனிகோட் "கொ"வில் முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி; ஒற்றைக்கொம்பை இடப்பக்கம் கொண்டுபோவது மென்பொருளின் வேலை. அந்தத் தாளை அச்சடித்த மென்பொருள் அதைச் செய்யவில்லை. கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம். "பிள்ளை, இது என்ன பாஷை?" என்று கேட்டார். எத்தனை மணிக்குப் பிறகு சாப்பிடக்கூடாது என்பது அந்தத் தாளில்தான் இருந்தது. நாங்கள் வாயால் சொல்லிக்கொடுத்தோம். தமிழ் தெரிந்த தாதி அன்று வேலையில் இல்லாதிருந்தால்?

பெட்டிக்கு வருவோம். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் இடையில் இருந்த ஆங்கிலப் பெயர்களையும் அவை பிடித்துத் தமிழாக்கிவிடும், ஆகவே ஒருவர் கூட இருந்து வாசிக்கவேண்டும். பாட்டுத்தாள்கள் பெரும்பாலும் மீண்டுவிட்டன. ஒரு நத்தார் நாடகம் மட்டும் எந்தக் கருவிக்கும் மசியவில்லை. அது பாமினியும் இல்லை. அதைத் தட்டியவர் யார், எந்த எழுத்துருவில் என்று உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.