இவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள்

1852 மார்ச்சில் தாமஸ் ஹக்ஸ்லி தன் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வயது 26. 'ராட்டில்ஸ்னேக்' கப்பலில் துணை மருத்துவராகப் போய், கடலில் பிடித்த மெல்லுடலிகளை அறுத்துப் பார்த்து எழுதிய கட்டுரையை அப்போதுதான் லண்டன் ராயல் சொசைட்டியிடம் கொடுத்திருந்தார். கட்டுரை புதுமையானது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பயமெல்லாம் அது யாரிடம் மதிப்பீட்டுக்குப் போகும் என்பதில்தான். குறிப்பிட்ட ஒருவரிடம் போனால், குறை ஏதும் அகப்படாவிட்டாலும் அலட்சியப்படுத்தியே அதை முடக்கிவிடுவார். அவர் கையில் சிக்காதபடி கொஞ்சம் காய் நகர்த்த வேண்டும் என்கிறார். 1900இல் மகன் லெனார்ட் இதை அச்சில் கொண்டுவந்தபோது அந்தப் பெயரை மறைத்துவிட்டார். அது ரிச்சர்ட் ஓவன் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. டைனோசர்களுக்குப் பெயர் சூட்டிய அதே ஓவன். ஹக்ஸ்லிக்காகக் கடற்படைக்குச் சிபாரிசு செய்தவரும் அவரே. கட்டுரை 1853இல் வெளிவந்தது.

விலங்கியல் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் இருக்கும் எனக்கு, கட்டுரையோடு வரும் "இவருக்கு அனுப்ப வேண்டாம்" என்ற வேண்டுகோளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கடிதம் நினைவுக்கு வரும். ஹக்ஸ்லி லண்டனில் இருந்தார். 1851லேயே சொசைட்டியின் உறுப்பினர். யார் எப்படி என்பது அவருக்குத் தெரியும்.

ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வாயுக்களின் மூலக்கூறு இயக்கம் பற்றி 1845இல் இதே சொசைட்டிக்குக் கட்டுரை அனுப்பினார். மதிப்பீட்டாளர்களில் ஒருவர் அது வெறும் அபத்தம் என்று எழுதிவிட்டார். சொசைட்டியில் வாசிக்கப்பட்ட கட்டுரை திரும்பி வராது. அவரிடம் வேறு பிரதியும் இல்லை. 1883இல் அவர் மறைந்தார். 1891இல் ராலே பிரபு அதைச் சொசைட்டியின் ஆவணங்களுக்குள் கண்டெடுத்து, மறு ஆண்டு வெளியிட்டார். யாரை வேண்டாம் என்று சொல்வது என்றுகூடத் தெரியாத தூரத்தில் இருந்தவர் வாட்டர்ஸ்டன்.

இன்று பல ஆய்விதழ்களின் படிவத்திலேயே அதற்கென ஓர் இடம் இருக்கிறது. ஓரிரு பெயர்கள், நியாயமான காரணம் என்றால் ஆசிரியர்கள் பெரும்பாலும் மதிப்பார்கள், கட்டாயம் இல்லை. துறையிலுள்ள எல்லோரையும் விலக்கச் சொன்னால் ஏற்க முடியாது. பிழையைக் கண்டுபிடிக்கக்கூடியவரையே ஒதுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதற்காக அந்த இடத்தையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் சகாக்களோடு நான் உடன்பட மாட்டேன். எடுத்துவிட்டால், செல்வாக்குள்ளவர் காதோடு காதாகச் சொல்லிக் காரியத்தை முடித்துக்கொள்வார்; சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்து எழுதுபவருக்குத்தான் வழி அடைபடும்.

இளம் ஆய்வாளர்களே, உண்மையான பகையோ போட்டியோ இருந்தால் தயங்காமல் அந்தப் பெயரை எழுதுங்கள். காரணத்தை ஒரே வரியில், வசைபாடாமல் சொல்லுங்கள்.