கனெக்டிங் ராட் போல்ட் இறுக்கம்

கனெக்டிங் ராடின் பெரிய முனையையும் அதன் மூடியையும் கிராங்க் தண்டைச் சுற்றிப் பிணைப்பவை இந்த போல்ட்கள். வயலில் ஓடும் உழவு இயந்திரமானாலும் பந்தயக் காரானாலும், புகை வெளியேறும் அடியின் உச்சியில் பிஸ்டனை இழுத்துத் திருப்பும் சுமை இவற்றின் மேல்தான். போல்ட் பிடித்து நிற்பது, அது வில்சுருள் போல நீள்வதால். முறுக்குவிசை அந்த நீட்சியை மறைமுகமாகவே காட்டும்: ஏறத்தாழ 90 விழுக்காடு தலையடியிலும் மரையிலும் உராய்வாகக் கழிகிறது, பூசும் எண்ணெய் மாறினாலே கணக்கு மாறும். ஆகவே இரு முனைகளும் எட்டுமிடத்தில், மைக்ரோமீட்டரால் முன்னும் பின்னும் அளந்து, தயாரிப்பாளர் குறித்த நீட்சி வரும்வரை இறுக்குவதே நம்பத்தக்கது. அந்த நீட்சி பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள்தான். கழற்றியபின் பழைய நீளத்துக்குத் திரும்பாத போல்ட்டை மறுபடி பூட்டவே கூடாது. ஒரு முனை எட்டாத மூடிய துளைகளில் முறுக்குவிசையோடு திருப்புகோணமும் சேர்த்துக் கொள்ளப்படும்.