தரமிறக்கம்

ஒரு கணினி உறுப்பையோ கோப்பையோ மென்பொருளையோ, பழைய பதிப்புகளுடன் இசைந்து இயங்கும்பொருட்டு, முந்தைய நிலைக்குக் கொண்டுவரும் செய்கை தரமிறக்கம் எனப்படும். இது பிற்போக்கான காரியமென்று மேலெழுந்தவாரியாகத் தோன்றினும், நன்றாக உழைத்துவரும் யந்திரத்தைக் கழித்துவிடாமல் மேலும் சில ஆண்டுகள் பயன்கொள்ள வழிசெய்வதாதலின், மதிப்புக்குரிய முறையேயாகும். ஆயினும் மேல்நிலையின் சிறப்புகள் யாவும் கீழ்நிலையில் இடம்பெற இயலாமையால், இதில் ஏதேனும் ஓர் இழப்பு பெரும்பாலும் நேர்ந்தே தீரும்.

உறுப்புகளின் விஷயத்தில் இவ்விழப்பு வெளிப்படையானது. 1990-களின் இறுதியில் வந்த பெரிய வன்தட்டுகளை, ஏறக்குறைய 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கொள்ளளவை அறியமாட்டாத பயாஸ் கொண்ட பழைய கணினிகளில் பொருத்தியபோது, அவற்றுட் சில தொடக்கத்திலேயே ஸ்தம்பித்து நின்றமையால், தட்டிலுள்ள சிறு ஜம்பரை இடம்மாற்றி அதன் கொள்ளளவை 32 ஜிகாபைட் என்றே அறிவிக்கச் செய்யும் வசதியை உற்பத்தியாளர் பலர் அளித்தனர். மிகுதி இடம் பயனின்றிக் கிடந்ததெனினும், அதனை உரிமையாளர் அறிந்தே இசைந்தார். யுஎஸ்பி 3.0 சாதனமோ, 2.0 போர்ட்டில் செருகப்பட்டதும் விநாடிக்கு 5 ஜிகாபிட்டிலிருந்து 480 மெகாபிட் வேகத்துக்குத் தானே இறங்கிவிடும். மென்பொருளில், விண்டோஸ் விஸ்டாவின் பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளோடு கணினி வாங்கியோர்க்கு எக்ஸ்பி புரொபெஷனலுக்குத் திரும்பும் உரிமையை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வழங்கியிருந்தது.

கோப்புகளிலேதான் அபாயம் மிகுதி. எக்ஸெல் 2007 முதல் வழங்கிவரும் புதிய வடிவில் ஓர் அட்டவணை 10,48,576 வரிகளைக் கொள்ளும். அதற்கு முந்தைய எக்ஸ்எல்எஸ் வடிவமோ 65,536 வரிகளோடு நின்றுவிடும். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளைப் பழைய வடிவக் கோப்புகளில் ஏற்றியமையால், வரம்பு நிறைந்தபின் வந்த வரிகள் எவரும் அறியாமல் உதிர்ந்துபோக, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான கணக்கில் 15,841 தொற்றாளர் விடுபட்டனர். அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று. இழப்பு நேர்ந்ததைக் காட்டிலும், அது மௌனமாக நேர்ந்ததே இங்குப் பெருங்குற்றமாகும்.

தமிழ்ப் பதிப்புத் துறையும் இச்சங்கடத்தை அறியும். யூனிகோடை அறியாத பேஜ்மேக்கரில் பக்கம் அமைப்போர், யூனிகோடில் வந்த கட்டுரையை 1999-இல் தமிழக அரசு ஏற்ற ‘டாம்’ போன்ற பழைய குறியேற்றத்துக்கு மாற்றுவதுண்டு. தமிழுக்கென்றே வகுக்கப்பட்ட அதில் ஆங்கில எழுத்துகளுக்கு இடமின்மையால், இடையே வரும் ஆங்கிலச் சொற்களுக்கு வேறு எழுத்துரு தனியே இடப்படாவிடில், அவை பொருளற்ற தமிழ் எழுத்துகளாக அச்சேறிவிடும். ஆதலின் மாற்றும் செயலி எவையெவை கைவிடப்படுகின்றன என்பதை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். மூலக் கோப்பையும் அழிக்காது வைத்திருத்தல் அவசியம்.

பயனர் அறியாமல் பிறர் செய்யும் தரமிறக்கம் தாக்குதலாகவே முடியும். 2014-இல் வெளிப்பட்ட ‘பூடில்’ என்னும் முறையில், வலைத்தொடர்பின் இடையே புகுந்தவர், புதிய பாதுகாப்பு நெறிகளில் இணைப்பு அமையவொட்டாது தடுத்து, 1996-ஆம் ஆண்டின் எஸ்எஸ்எல் 3.0 நெறிக்கு அதனைத் தாழ்த்தி, மறைபொருளைச் சிறிது சிறிதாக அறிய முடிந்தது. 2015 ஜூனில் இணையப் பொறியியல் பணிக்குழு அந்நெறியைப் பயன்படுத்தலாகாதென விதித்தது.