குழாயோடு நின்றுவிடும் தேடல்: டயாலிசிஸ் நோயாளிகளின் இதய வால்வுத் தொற்று

டயாலிசிஸ் நடுவே குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், கழுத்திலுள்ள கத்தீட்டர் குழாயின்மீதுதான் முதல் சந்தேகம் விழும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கிருமி வந்த வழி தெரிந்ததும், அது எங்கே போய்த் தங்கியது என்று தேடுவதை விட்டுவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயறியும் விதிகளிலேயே ஒரு காலத்தில் இந்தக் குறை இருந்தது. இரத்தத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்வதை வால்வுத் தொற்றின் முதன்மைச் சான்றாக ஏற்க, 1994ஆம் ஆண்டு டியூக் அளவுகோல் இரு நிபந்தனைகள் வைத்தது: தொற்று மருத்துவமனைக்கு வெளியே வந்திருக்க வேண்டும், உடலில் வேறு மூலம் தென்படக் கூடாது. குழாயோடு டயாலிசிஸுக்கு வந்து போகிறவர் இதில் எப்படித் தேறுவார்? 2000ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டையும் நீக்கியது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, டயாலிசிஸ் நோயாளிகள் இதய வால்வுத் தொற்றால் மருத்துவமனையில் சேர்வது பொதுமக்களைவிட ஏறக்குறைய 18 மடங்கு அதிகம் எனக் கண்டது.

சிரைவழி நுழையும் கிருமி முதலில் சேர்வது இதயத்தின் வலப்பக்கம். ஊசியால் போதைமருந்து ஏற்றிக்கொள்வோருக்கு மூவிதழ் வால்வு கெடுவது அதனால்தான். டயாலிசிஸ் நோயாளிகளிடம் கதை வேறு. கிருமி நுரையீரலையும் கடந்து, பெரும்பாலும் மைட்ரல் வால்வில், அடுத்தபடியாகப் பெருந்தமனி வால்வில் குடியேறுகிறது. கால்சியம், பாஸ்பரஸ் சீர்கேட்டால் சுண்ணம் படிந்து, இடப்பக்கத்தின் உயர் அழுத்தத்தில் ஓயாது அடிபடும் இதழ்கள் அவை. நிலம் முன்பே பண்பட்டிருக்கிறது; குழாய் விதையைக் கொண்டுவந்து போடுகிறது. ஆகவே குழாயைப் பிடுங்குவது அவசியமானாலும், வால்வில் ஊன்றியதை அது தொடுவதில்லை.

அறிகுறிகளும் ஏமாற்றும். இரத்தசோகையாலும், டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலாவாலும் ஏற்கெனவே கேட்கும் இதய முணுமுணுப்பில் புதியதைப் பிரித்தறிவது கடினம். எக்கோவில் சுண்ணப் படிவின் நிழல் கிருமித் திரளை மறைக்கும். மார்பின்மீது வைத்து எடுத்த எக்கோ சீராக இருந்தது என்பதை மட்டும் வைத்து வால்வை விடுவித்துவிட முடியாது.

எல்லோருக்கும் உணவுக்குழாய்வழி எக்கோ எடுக்க முடியுமா என்று கேட்கலாம். சிறு ஊர் டயாலிசிஸ் மையத்தில் அது நடவாது. இந்த மறுப்பு நியாயமானதே. ஆனால் ஆன்டிபயாடிக் போடும் முன் பிளட் கல்ச்சர் எடுப்பதற்கும், மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் அதை மறுபடி எடுப்பதற்கும் பெரிய கருவி வேண்டியதில்லை. அப்போதும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்தால், காய்ச்சல் விடாவிட்டால், அல்லது வால்வில் சுண்ணம் தெரிந்தால், நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

கிடைத்த முதல் விடையோடு நின்றுவிடும் பழக்கம் மருந்திலும் உண்டு. டயாலிசிஸோடு சேர்த்துக் கொடுக்க வசதி என்பதால் வான்கோமைசின் தொடங்கப்படுகிறது. மெத்திசிலினுக்குப் பணியும் கிருமி என்று கல்ச்சர் சொன்ன பிறகும் அதுவே தொடர்கிறது. அத்தகைய கிருமி இரத்தத்தில் இருந்த டயாலிசிஸ் நோயாளிகளை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், செஃபசோலின் பெற்றவர்களைவிட வான்கோமைசின் பெற்றவர்களிடம் சிகிச்சை தோற்றது அதிகம். வசதி என்ற காரணமும் நிற்காது: வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்பவருக்குச் செஃபசோலினையும் அது முடிந்த கையோடு 2 கிராம், 2 கிராம், நீண்ட இடைவெளிக்கு முன் 3 கிராம் என்று கொடுக்கலாம்.