துளையும் துவாரமும்

இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ தோன்றிய புண் சுவரைத் துளைத்துவிடின் அமிலமும் உணவும் வயிற்றறையினுட் பாயும். உடனடிச் சிகிச்சை கிட்டாதவிடத்து நோயாளி பிழைப்பதரிது. 1880இல் மிக்குலிஸ் என்னும் அறுவை வைத்தியர் இத்துளையைத் தைத்து மூட முயன்றார், நோயாளி இறந்தார். 1892இல் ஜேர்மனியின் பார்மன் நகரில் ஹொய்ஸ்னர் அதே முயற்சியில் வெற்றிகண்டார்.

எனினும், அழற்சியுற்ற திசு நூலின் இறுக்கத்தைத் தாங்காது கிழிதல் உண்டு. 1929இல் செலன் ஜோன்ஸ், குடலின் முன்னே தொங்கும் கொழுப்புத் திரையைத் துளையின்மேற் பொருத்திக் கட்டும் முறையை வெளியிட்டார். 1937இல் ரொறன்ரோவைச் சேர்ந்த கிரகாம் அதனையொத்த முறையொன்றை விளக்கினார். இன்றும் அடிப்படை அதுவே. ஆயின், சில மில்லிமீற்றர் துளையை அடைய வயிற்றின் நடுவே நீண்ட வெட்டு வேண்டியிருந்தது. பரிகாரத்தினும் பரிகாரத்துக்கான பாதையே பெருங்காயமாயிற்று.

அப்பாதையைச் சுருக்கிய வரலாறு சுவையானது. 1901இல் கெலிங் நாயின் வயிற்றறையையும், 1910இல் ஸ்ரொக்ஹோமில் யாக்கோபேயஸ் மனித வயிற்றறையையும் நோக்குக்குழாய் மூலம் கண்டனர். பல்லாண்டுகள் அது பெரும்பாலும் பார்ப்பதற்கான கருவியாகவே இருந்தது. 1980இல் கீல் நகரப் பெண்நோயியற் பேராசிரியர் செம், அதன் துணையுடன் குடல்வாலை அகற்றினார். அறுவை வைத்தியருலகம் அவரைக் கடுமையாகச் சாடியது. 1985இல் மியூஹே சிறு துவாரங்களின் வழியே பித்தப்பையை அகற்றியபோதும் ஏளனமே கிடைத்தது. அவரை ஜேர்மன் அறுவைச் சங்கம் 1992இலேயே கௌரவித்தது. இதனிடையே 1990இல், பிரான்சில் மூரே குழுவினரும் ஸ்கொட்லாந்தின் டண்டியில் நேதன்சன், குஷியரி குழுவினரும், துளைத்த புண்ணைச் சாவித்துவார முறையால் மூடியமையை வெளியிட்டனர்.

இங்கு ஒரு முரண் உண்டு. பாதை சுருங்கிய அதே காலத்திற் புண்ணின் காரணமும் வெளிப்பட்டது. அவுஸ்திரேலியரான மார்ஷலும் வாரனும் 1982இல் வளர்த்துக் காட்டிய பற்றீரியாவே பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் என்பது நிறுவப்பட்டது. 2005இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். மாத்திரைகளாற் புண் ஆறவே, அதற்கெனத் திட்டமிட்டுச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகள் அருகின. ஆயினும் துளைத்தல் மறையவில்லை. அஸ்பிரின் போன்ற வலிநீக்கிகளும் அதற்கு வழிகோலுகின்றன. காலந்தாழ்த்தி, நிலைகுலைந்து வருவோர்க்கு இன்றும் நீண்ட வெட்டே பெரும்பாலும் உகந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? அறுவை வைத்தியர்க்குப் புதுவழி காட்டியவர் பெண்நோயியலாளர். ‘இவர் நம் துறையினர் அல்லர்’ என்ற எண்ணம் அவ்வழிக்குத் தடையாயிற்று. மருத்துவத்தில் அத்தகைய தடையின் விலையைக் கொடுப்பவன் நோயாளி. அறிவுக்கு வேலியிடும் எத்துறையும், பல்கலைக்கழகத்து நாமும், இதனை மனங்கொள்ளல் தகும்.