அம்மன் காசும் எர்னோவும்

பாட்டியின் சுருக்குப்பையில் பாக்குத் துண்டுகளோடு ஒரு சின்னச் செப்புக் காசு கிடக்கும். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் அம்மன் காசு. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பகுதிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் சமஸ்தானத்துக்குள் இந்தக் காசு புழங்கியது. 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் அதன் காலம் முடிந்தது.

நாணயத்தின் வரலாறு ஊருக்கொரு காசிலிருந்து பொது ரூபாய்க்குப் போனது. நான் பிழைக்கிற தொழிலில் ஒரு சின்ன வரலாறு நேர் எதிர்த் திசையில் நடந்திருக்கிறது. அதன் நாயகன் பெயர் எர்னோ.

1970களின் யூனிக்ஸில் ஒரு கோப்பைத் திறக்கக் கேட்டு அது முடியாமல் போனால், மைனஸ் ஒன்று என்று பதில் வரும். ஏன் முடியவில்லை என்பதற்கான எண் எர்னோ என்ற மாறியில் இருக்கும். 2 என்றால் அப்படியொரு கோப்பே இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை. எர்னோ ஒரு குளோபல் வேரியபிள், நிரல் முழுமைக்கும் ஒன்றே ஒன்று. இன்றைக்கு அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு நிரலுக்குள் ஒரே வேலை ஓடிய காலத்தில் அது சரியான முடிவுதான்.

பிறகு த்ரெட்கள் வந்தன. ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடின. முதல் த்ரெட்டுக்கு 2 என்ற பிழை வருகிறது. அதைப் படிப்பதற்குள் இன்னொரு த்ரெட் தன்னுடைய 13ஐ அதே இடத்தில் எழுதிவிடுகிறது. இல்லாத கோப்புக்கு ‘அனுமதி இல்லை’ என்று செய்தி வரும். நாம் போய் அனுமதியைத் தோண்டிக்கொண்டிருப்போம்.

1995இல் வந்த போசிக்ஸ் த்ரெட் தரம் இதற்கு வழி சொன்னது: த்ரெட்டுக்கு ஒரு எர்னோ. பெயர் மாறவில்லை. எர்னோ என்று எழுதினால், உள்ளே ஒரு ஃபங்ஷன் அந்த த்ரெட்டுக்கே உரிய இடத்தின் முகவரியைக் கொடுக்கும். பழைய நிரல்களைத் திருத்தி எழுதாமல் மறுபடி கம்பைல் செய்தால் போதும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் த்ரெட் லோக்கல் ஸ்டோரேஜ் என்று பெயர். 1998இல் ஜாவா 1.2லும், 2011இல் சி, சி++ தரங்களிலும் அது இடம்பிடித்தது.

அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நானும் நம்பினேன். ஒருமுறை நான் எழுதிய சர்வரில் ஒருவருடைய ரசீதில் இன்னொருவர் பெயர் அச்சாகி வந்தது. பெயரை த்ரெட் லோக்கலில்தான் வைத்திருந்தேன். ஆனால் த்ரெட்டை உருவாக்கச் செலவு அதிகம் என்பதால், சர்வர்கள் வேலை முடிந்த த்ரெட்டையே அடுத்தவர் வேலைக்கும் அனுப்பும். முந்தைய ஆளின் பெயரை நான் துடைக்கவில்லை. புது ஆள் பெயர் இல்லாமல் வந்தபோது பழைய பெயர் அப்படியே அச்சேறிவிட்டது.

‘த்ரெட்டுக்கு உரியது’ என்பதை ‘ஆளுக்கு உரியது’ என்று நான் நினைத்துக்கொண்டதுதான் தப்பு. சமஸ்தானத்தின் எல்லை எதுவரை என்று அம்மன் காசு வைத்திருந்தவருக்குத் தெரியும். எனக்கு என் மாறியின் எல்லை தெரியவில்லை. இப்போதெல்லாம் யாருடைய விவரமோ அதை ஃபங்ஷனிலிருந்து ஃபங்ஷனுக்குக் கையோடு கொடுத்தனுப்புகிறேன். எழுதக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் எது யாருடையது என்று குழப்பம் வராது.